மருமவன் தலையில 110 ரூவா துண்டு: சாமித்தோப்பு போயிட்டு வந்தோம்

மக்களே, எல்லாரும் சொகமா இருக்கியளா? இன்னைக்கு மீன் சந்தை கிடையாது, சமையல் கிடையாது. ஒரு விஷயம் நாலஞ்சு நாளா மனசுல கிடந்து புழுங்குது, அதைச் சொல்லணும்.

எனக்க அக்கா மவன் உங்களுக்குத் தெரியும். மாத்தூர் தொட்டிப்பாலம் வீடியோல எனக்க சட்டையைப் பிடிச்சுக்கிட்டே நடந்தானே, அவன் தான். சுதந்திர தினத்துக்கு பள்ளிக்கூடத்துல மாறுவேடப் போட்டி. வேஷம் போட்டு மூணு நிமிஷம் பேசணும். பட்டியல் குடுத்து விட்டிருக்காங்க. காந்தி, நேரு, நேதாஜி, பகத்சிங், வ.உ.சி., பாரதியார், காமராஜர், இன்னும் நாலஞ்சு பேர். எல்லாரும் கும்பிட வேண்டியவங்க. ஆனா நம்ம கன்னியாகுமரி ஜில்லாவுல பிறந்தவங்க ஒருத்தர் பேரு கூட இல்ல. அய்யாவழி மக்கள் கும்பிடுற அய்யா வைகுண்டர் நம்ம சாமித்தோப்புக்காரரு தானே. அக்கா பள்ளிக்கூடத்துக்குப் போன் போட்டு, "வைகுண்டர் வேஷம் போடலாமா"ன்னு கேட்டிருக்கா. "அவரு சுதந்திரத்துக்குப் போராடலையே"ன்னு பதில் வந்திருக்கு.

எனக்கு ஏறிட்டு மக்களே. சுதந்திரம்னா வெள்ளக்காரன்கிட்ட இருந்து மட்டும் தானா? நம்ம ஊரு அப்போ மெட்ராஸ் மாகாணமே இல்ல, திருவிதாங்கூர் ராஜா ஆட்சி. முட்டுக்குக் கீழ வேட்டி இறங்கக்கூடாது, செருப்பு போடக்கூடாது, குடை பிடிக்கக்கூடாது, பொம்பளைங்க இடுப்புல தண்ணிக்குடம் வச்சு நடக்கக்கூடாது, மாரை மறைக்கக்கூடாது. எங்க முப்பாட்டன்மாரு மேல இருந்த சட்டம் இது. தலைக்கு வரி வேற. அதுக்கு எதிரா நின்னவரு போராளி இல்லைன்னா வேற யாரு போராளி? அய்யாவழியோட புனித நூலு அகிலத்திரட்டுல திருவிதாங்கூர் ராஜாவையும் நீசன்னு தான் சொல்லியிருக்கு, வெள்ளக்காரனையும் வெண்நீசன்னு தான் சொல்லியிருக்கு. ரெண்டு பேரையும் விடல. ராஜா வைகுண்டரைத் திருவனந்தபுரத்துக்குக் கொண்டு போயி சிங்காரத்தோப்பு ஜெயில்ல அடைச்சாரு.

செரி, ஞாயித்துக்கெழம மருமவனை வண்டியில ஏத்திட்டு நேரா சாமித்தோப்பு போயிட்டேன். நேர்ல பாத்தா தானே பேச்சு வரும். போற வழியில தான் ஞாபகம் வருது, துண்டு எடுக்கல! பதிக்குள்ள, அதாவது வைகுண்டர் கோயிலுக்குள்ள, ஆம்பிளைங்க சட்டையைக் கழட்டி, தலையில துண்டைத் தலப்பாவா கட்டிட்டுத் தான் போகணும். எனக்க அலமாரியில ஆறு துண்டு மடிச்சு வச்சிருக்கு, ஆறும் வீட்டுல.

வழியில ஒரு கடையில கேட்டா ஒண்ணு 150 ரூவாங்காரு. அந்தச் சின்னத் துண்டுக்கு! வடசேரி சந்தையில இதே கரை போட்ட துண்டு நான் 90 ரூவாய்க்கு வாங்கியிருக்கேன், போன தை மாசம் தான். சொன்னேன். "அங்க போயி வாங்குங்க"ன்னுட்டாரு. நான் திரும்பி வண்டி வரைக்கும் வந்துட்டேன், சாவியும் போட்டுட்டேன். அப்போ கூப்பிட்டாரு. ரெண்டு எடுத்தா 240ன்னாரு. நான் 200ன்னேன். கடைசியில 220க்கு முடிஞ்சுது, ஒண்ணு 110. துண்டை வெளிச்சத்துல விரிச்சுப் பாத்தேன், நெசவு நல்ல இறுக்கம், கரை சாயமும் கையில ஒட்டல. கொள்ளாம். 80 ரூவா மிச்சம் பிடிச்சதுல எனக்கு அவ்ளோ சந்தோஷம், அதுல தான் ரெண்டு பேரும் சாயாவும் ரசவடையும் சாப்பிட்டோம்.

மருமவனுக்குக் கட்டி விட்டா நிக்கல, அவிழ்ந்து காதுல விழுது. வாசல்ல நின்ன ஒரு தாத்தா பாத்துட்டு வந்தாரு. துண்டை நீளமா மடிச்சு, நெத்தியில இருந்து பின்னால கொண்டு போயி, குறுக்க போட்டு ஒரு முறுக்கு, மறுபடி முன்னால, நுனியை இடது காதுக்கு மேல சொருகினாரு. ஒரு வார்த்தை பேசல. பிள்ளைக்குத் தலை தானா நிமிந்துட்டு.

இன்னொண்ணு, முதல்லயே சொல்லியிருக்கணும். வைகுண்டருக்குப் பெத்தவங்க வச்ச பேரு முடிசூடும் பெருமாள். தாழ்த்தி வச்ச சாதியில பிறந்த பிள்ளைக்கு முடிசூடுறதா, அப்படிப் பேரு வைக்கக்கூடாதுன்னு பெரிய ஆளுங்க தடுத்ததால முத்துக்குட்டின்னு மாத்தினாங்க. அந்தப் பிள்ளை வளர்ந்து, அத்தனை பேரையும் தலையில தலப்பா கட்டுங்கன்னுட்டாரு!

உள்ள காமிரா எடுக்கல, எடுக்கவும் கூடாது. பள்ளியறையில சிலை இல்ல. விளக்கும் கண்ணாடியும் தான். மருமவன் எட்டிப் பாத்துட்டு, "மாமா, நான் தெரியுறேன்"னான். நான் ஒண்ணும் விளக்கல, அவன் பாத்துட்டே நின்னான். வெளிய வந்து முத்திரிக்கிணத்தையும் காட்டினேன். எல்லா சாதியும் ஒரே கிணத்துல தண்ணி எடுக்கணும்னு அவரு ஏற்பாடு பண்ணின கிணறு. 1851லயே அவரு போயிட்டாரு, அதுக்கு முன்னாடி நடந்தது இதெல்லாம். பொம்பளைங்க மாரை மறைச்சுத் தோள்சீலை போடலாம்னு ராஜா உத்தரவு வந்ததே 1859 ஜூலை 26ல தான், அதுவும் மேல்சாதிப் பொம்பளைங்க மாதிரி உடுத்தக்கூடாதுன்னு ஒரு கொக்கி போட்டு.

அய்யோ, நேசமணியை விட்டுட்டேன் பாத்தியளா! நேத்து ஆகஸ்ட் 11. 1954ல இதே நாள்ல தான் மார்த்தாண்டத்துலயும் புதுக்கடையிலயும் போலீஸ் சுட்டது. நம்ம ஊரு தாய்த்தமிழ்நாட்டோட சேரணும்னு கேட்டவங்களை, நாடு சுதந்திரம் வாங்கி ஏழு வருஷம் கழிச்சு. தமிழ்நாட்டோட சேர 1956 நவம்பர் 1 வரைக்கும் நாம காத்துக் கிடந்தோம். தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடுன்னு நாலு தாலுகாவும் அன்னைக்குத் தான் சேர்ந்துது. அந்தப் போராட்டத்தை நடத்தினவரு பள்ளியாடியில பிறந்த மார்ஷல் நேசமணி. நாகர்கோவில் கோர்ட்டுல மேல்சாதி வக்கீலுக்கு நாற்காலி, மத்தவங்களுக்கு முக்காலின்னு இருந்தப்போ, முக்காலியை உதைச்சுத் தள்ளிட்டு நாற்காலியில உக்காந்தவரு. பட்டியல்ல காமராஜர் இருக்காருல்லா, அவரு 1969ல நாகர்கோவில்ல நின்னு ஜெயிச்சதே நேசமணி இறந்ததால வந்த இடைத்தேர்தல்ல தான். பூதப்பாண்டியில பிறந்த கம்யூனிஸ்ட் தலைவர் ஜீவாவும் அந்தப் பட்டியல்ல இல்ல. அவருக்குத் தனி வீடியோ போடுறேன், ரெண்டு நிமிஷத்துல சொல்லி முடிக்கிற ஆள் இல்ல அவரு.

நேத்து சாயங்காலம் அக்கா நேர்ல போயி இதெல்லாம் எடுத்துச் சொன்னா. டீச்சர் முழுசாக் கேட்டுட்டு, செரி பேசட்டும்னுட்டாங்க. வெள்ளிக்கெழம காலையில போட்டி. இன்னைக்குக் காலையில மருமவன் அவனே கட்டிப் பாத்தான். ரெண்டு தடவை அவிழ்ந்துட்டு. மூணாவது தடவை அந்தத் தாத்தா மாதிரியே இடது காதுக்கு மேல சொருகிட்டு, மாடிப்படி எட்டையும் குதிச்சு இறங்கினான். துண்டு அசையல மக்களே.