எது எரிந்த சாம்பல்?

அவையோருக்கு வணக்கம்.

அமெரிக்க இலக்கியத்தில் சாம்பல் என்று தொடங்கினாலே நம் பாடக்குறிப்புகளில் ஒரு பறவை வந்து உட்கார்ந்துவிடுகிறது. பீனிக்ஸ். சாம்பல் என்றால் அழிவு, அழிவுக்குப் பின் மறுபிறப்பு, எழுதினால் முழு மதிப்பெண். ரே பிராட்பரியின் 'ஃபாரன்ஹீட் 451' நாவலுக்கு இது சரிதான். 1953இல் வெளிவந்த அந்த நாவலில் புத்தகம் கொளுத்தும் தீயணைப்பு வீரர்களின் சீருடையிலேயே பீனிக்ஸ் இருக்கிறது. கடைசியில் அந்தப் பறவையின் கதையைக் கிரேஞ்சர் என்ற பாத்திரம் வாய்விட்டே சொல்லிவிடுகிறது. ஆனால் ஸ்காட் ஃபிட்ஸ்ஜெரால்டின் 'தி கிரேட் கேட்ஸ்பி'யில் அந்தப் பறவையைத் தேடினால் கிடைக்காது. அங்கே இருப்பது வேறு சாம்பல்.

உவமையாகச் சொல்லவில்லை, பொருளாகவே வேறு. ஒரு டன் விறகை எரித்தால் பத்து கிலோ சாம்பல் மிஞ்சுவதே அதிகம். ஒரு டன் நிலக்கரியை எரித்தால் சுமார் நூறு கிலோ மிஞ்சும். விறகுச் சாம்பலில் சுண்ணாம்புச் சத்தும், நீரில் கரையும் பொட்டாசியம் உப்பான பொட்டாஷும் உண்டு. வயலில் போட்டால் உரம், தண்ணீர் ஊற்றி வடித்தால் காரநீர், காரநீரைக் கொழுப்போடு காய்ச்சினால் சோப்பு. நிலக்கரிச் சாம்பலில் பெரும்பகுதி சிலிக்காவும் அலுமினாவும். பொட்டாசியம் இருந்தாலும் கண்ணாடி போல் இறுகிய துகளுக்குள் பூட்டிக் கிடக்கும்; வேருக்கு எட்டாது. ஆக, ஒன்று கொஞ்சமாக வரும், மண்ணுக்குப் பயன்படும். மற்றது மலையாகக் குவியும், பயிருக்கு உதவாது.

அமெரிக்கா தொடங்கியது முதல் வகைச் சாம்பலில். அந்த நாட்டின் முதல் காப்புரிமை எதற்குக் கொடுக்கப்பட்டது தெரியுமா? சாம்பலுக்கு! 1790 ஜூலை 31 அன்று சாமுவேல் ஹாப்கின்ஸ் என்பவருக்கு, பொட்டாஷும் முத்துச்சாம்பலும் தயாரிக்கும் முறைக்காக, ஜார்ஜ் வாஷிங்டன் கையெழுத்திட்டுக் கொடுத்தது. காட்டை வெட்டிக் குடியேறியவர் மரத்தைக் கொளுத்துவார். சாம்பலை அடியில் துளையிட்ட பீப்பாயில் நிரப்பி, மேலிருந்து தண்ணீர் விடுவார். பழுப்பு நிறத்தில் சொட்டும் காரநீரை இரும்புக் கொப்பரையில் வற்றக் காய்ச்சினால் பொட்டாஷ். அதை மேலும் சுட்டு வெளுப்பாக்கினால் முத்துச்சாம்பல். முதல் விளைச்சல் வீட்டுக்கு வரும் முன்பே கையில் காசு. எரித்தால் நிலமும் கிடைக்கும், பணமும் கிடைக்கும் என்ற நம்பிக்கைக்கு அங்கே இப்படி ஒரு வரவு செலவுக் கணக்கே இருந்தது.

இந்தக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு 1925இல் வெளிவந்த 'கேட்ஸ்பி'யின் இரண்டாம் அத்தியாயத்துக்கு வாருங்கள். லாங் ஐலண்ட் மாளிகைகளுக்கும் நியூயார்க் நகரத்துக்கும் நடுவே கிடக்கும் சாம்பல் பள்ளத்தாக்கை ஃபிட்ஸ்ஜெரால்டு முதலில் எதற்கு ஒப்பிடுகிறார்? பண்ணைக்கு. சாம்பல் அங்கே கோதுமை போல வளர்கிறது என்கிறார். வர்ணனை அழகு என்று கடந்துவிடக் கூடாத இடம் இது. எதையும் விளைவிக்காத பொருளுக்கு விளைச்சலின் மொழியைக் கொடுக்கிறார். குடியேறியவரின் விறகுச் சாம்பல் கனவை எடுத்து நிலக்கரிச் சாம்பலின் மேல் போர்த்துகிறார். அந்தப் போர்வை பொருந்தாமல் நிற்பதுதான் அந்தப் பத்தியின் கசப்பு.

அந்த இடம் கற்பனையல்ல. நியூயார்க்கின் குயீன்ஸ் பகுதியில் ஃப்ளஷிங் ஆற்றை ஒட்டிய சதுப்பு நிலம். கொரோனா சாம்பல் மேடு என்று பெயர். (நோய்க்கும் இதற்கும் சம்பந்தமில்லை, பக்கத்து ஊரின் பெயர்.) புரூக்ளின் வீடுகளின் கொதிகலன்களில் எரிந்த நிலக்கரியின் மிச்சத்தை புரூக்ளின் ஆஷ் ரிமூவல் கம்பெனி அங்கே கொண்டுபோய்க் கொட்டியது. மேடு ஒன்று ஏறக்குறைய நூறடி உயர்ந்து மவுன்ட் கொரோனா என்று பெயர் வாங்கிவிட்டது. மூடாத பெட்டிகளில் தூள் பறக்க வந்த சரக்கு ரயிலுக்கு மக்கள் வைத்த பெயர் 'டால்கம் பவுடர் எக்ஸ்பிரஸ்'. ஃபிட்ஸ்ஜெரால்டு 1922 அக்டோபர் முதல் 1924 வசந்தம் வரை லாங் ஐலண்டின் கிரேட் நெக்கில் குடியிருந்தார். அங்கிருந்து மன்ஹாட்டனுக்குப் போகும் ரயில் பாதை இந்த மேட்டை ஒட்டியே செல்லும்.

இது தெரியாததால் வரும் பிழை ஒன்று உண்டு. சாம்பல் நிறக் 'கார்கள்' வரிசையாக ஊர்ந்து வந்து, கிறீச்சிட்டு நிற்க, ஆட்கள் மண்வெட்டியோடு மேலே ஏறுகிறார்கள் என்று ஒரு வாக்கியம் வரும். படிப்பவர்கள் மோட்டார் கார் என்று எடுத்துக்கொண்டு, பணக்காரர்களின் வாகன அணிவகுப்பு என்று விளக்கம் சொல்வதுண்டு. கண்ணுக்குத் தெரியாத தண்டவாளம் என்று அதே வாக்கியத்தில் இருக்கிறது. அது சாம்பல் ரயிலின் பெட்டி, ஏறுகிறவர்கள் கூலியாட்கள். ஒரு சொல்லைத் தவறவிட்டால் அந்தப் பள்ளத்தாக்கில் வேலை செய்கிற மனிதர்களே பார்வையிலிருந்து போய்விடுகிறார்கள்.

எது எரிந்தது என்பது முதல் கேள்வி. இரண்டாவது கேள்வி, யார் வீட்டுக் குளிருக்காக எரிந்தது என்பது. ஆற்றின் மேல் தூக்குபாலம் ஒன்று இருக்கிறது. படகு போகப் பாலம் உயரும்போதெல்லாம் ரயில் நிற்கும். பயணிகள் அரைமணி நேரம்கூட அந்தக் காட்சியைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டும். லாங் ஐலண்ட் மாளிகைக்கும் நகரத்துக்கும் வேறு வழியில்லை. பணக்காரன் டாம் புக்கானன் ஒருவன்தான் அங்கே விரும்பி இறங்குகிறவன், அதுவும் கள்ளக்காதலி மர்ட்டிலுக்காக. அவளுடைய கணவன் வில்சன் மோட்டார் பழுது பார்ப்பவன். அவனுடைய உடையிலும் முடியிலும் சாம்பல் படிந்திருக்கிறது. சுற்றிலும் எல்லாவற்றின் மேலும் படிந்திருக்கிறது, அவன் மனைவியைத் தவிர என்று ஆசிரியர் குறித்து வைக்கிறார். சாம்பல் ஒட்டாத அந்த ஒருத்திதான் மேலே ஏற முயல்கிறாள். நாவலின் நாயகன் கேட்ஸ்பியின் காரில் அடிபட்டு அந்தச் சாலைப் புழுதியில்தான் அவள் ரத்தம் கலக்கிறது. காரை ஓட்டியது டாமின் மனைவி டெய்ஸி. கணவனோ கடைசி வரை நீறுபூத்த நெருப்பு. எட்டாம் அத்தியாயத்தில் கேட்ஸ்பியைச் சுட்டுக் கொல்ல வந்து, நீச்சல் குளத்தருகே மரங்களுக்கிடையில் நகரும் வில்சனின் உருவத்துக்கு ஃபிட்ஸ்ஜெரால்டு கொடுக்கும் அடைமொழியும் சாம்பல்தான். பள்ளத்தாக்கு மாளிகைக்கு நடந்தே வந்துவிடுகிறது.

நாவலுக்கு அவர் யோசித்த தலைப்புகளில் ஒன்று 'சாம்பல் மேடுகளுக்கும் கோடீசுவரர்களுக்கும் நடுவே' என்ற பொருள் தரும். விற்பனைக்கு உதவாத தலைப்புதான், ஆனால் துல்லியமானது.

நிலக்கரிச் சாம்பலுக்குப் புதுப்பிறப்பே கிடையாதா? கொரோனாவுக்குக் கிடைத்தது. நியூயார்க்கின் பூங்காத் துறைத் தலைவர் ராபர்ட் மோசஸ் அந்த மேட்டைக் கரைத்து, சதுப்பில் பரப்பி, 1,200 ஏக்கருக்கு மேற்பட்ட பரப்பில் 1939ஆம் ஆண்டின் உலகக் கண்காட்சியை எழுப்பினார். கருப்பொருள் 'நாளைய உலகம்'. இன்று அது ஃப்ளஷிங் மெடோஸ் பூங்கா. அமெரிக்க ஓபன் டென்னிஸ் அங்கேதான் நடக்கிறது. பெரிய அரங்கத்துக்கு ஆர்தர் ஆஷ் பெயர். சாம்பலுக்கான ஆங்கிலச் சொல்லும் அவர் பெயரும் ஒரே ஒலி என்பது தற்செயல், யாரும் ஆய்வுக் கட்டுரை எழுதிவிட வேண்டாம். கவனிக்க வேண்டியது வேறு: இங்கே சாம்பலிலிருந்து எதுவும் தானாக எழவில்லை. அரசு நிலத்தை எடுத்தது, பணம் ஒதுக்கியது, புல்டோசர் வந்தது.

கேட்ஸ்பியின் சாம்பல் மேட்டுக்கு முன்னோடியாக 1861இல் ரெபெக்கா ஹார்டிங் டேவிஸ் எழுதிய 'லைஃப் இன் தி அயர்ன் மில்ஸ்' இருக்கிறது. அதில் இரும்பு உருக்கிய பின் மிஞ்சும் கசடில் உலைத் தொழிலாளி ஹியூ வுல்ஃப் ஒரு பெண் சிலை செதுக்குகிறான். கனவான்கள் வியக்கிறார்கள், ஒருவரும் உதவுவதில்லை. அவன் சிறையில் சாகிறான். சிலை மட்டும் கதைசொல்லியின் அறையில் திரைக்குப் பின்னால் மிஞ்சுகிறது.

கடைசியாக விறகுச் சாம்பலுக்குத் திரும்புவோம். வில்லியம் ஃபாக்னரின் 'பார்ன் பர்னிங்', 1939இல் வந்த சிறுகதை. விளைச்சலில் பங்கு கொடுத்துப் பிறர் நிலத்தில் பயிரிடும் ஆப்னர் ஸ்னோப்ஸ், நிலக்காரர் வீட்டு வெளிர்நிறக் கம்பளத்தைக் குதிரைச் சாணம் மிதித்த காலோடு வேண்டுமென்றே அழுக்காக்குகிறான். கழுவித் தரச் சொல்கிறார்கள். மகள்களை விட்டு வீட்டில் தயாரித்த காரநீரால் தேய்க்க வைக்கிறான். தானும் ஒரு கல்லால் தேய்க்கிறான். அந்தக் காலத்துக் கிராமங்களில் வீட்டுக் காரநீர் என்றால் அடுப்புச் சாம்பலில் வடித்தது. அது கம்பளி இழையைத் தின்றுவிடும். காரத்தில் கம்பளி கரையும். கறை போகிறது, கம்பளமும் போகிறது. நூறு டாலர் கம்பளத்துக்கு இருபது புஷல் (தானியம் அளக்கும் அளவு) சோளம் அபராதம் கேட்கிறார் நிலக்காரர் மேஜர் டி ஸ்பெயின். நீதிபதி அதைப் பத்தாகக் குறைக்கிறார். அன்றிரவே ஆப்னர் கொட்டகைக்குத் தீ வைக்கக் கிளம்புகிறான்.

எரிந்த கொட்டகையின் சாம்பலை ஃபாக்னர் நமக்குக் காட்டுவதே இல்லை. பத்து வயது மகன் சார்ட்டி ஓடிப்போய் நிலக்காரரை எச்சரிக்கிறான். பின்னால் துப்பாக்கிச் சத்தம் கேட்கிறது. குன்றின் மேல் உட்கார்ந்து விடியும்வரை தூங்கி எழுந்து, பறவைகள் கூவும் காட்டை நோக்கி நடக்கிறான். திரும்பிப் பார்க்கவில்லை.