டேட்டா சயின்ஸ் படிக்க நகையை அடகு வைக்கலாமா?

வணக்கம் நேயர்களே. போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, விருதுநகரிலிருந்து என் சித்தப்பா போன் செய்தார். தங்கை பி.எஸ்சி. கணிதம் முடித்திருக்கிறாள். சென்னையில் ஆறு மாத டேட்டா சயின்ஸ் பூட்கேம்ப் ஒன்றில், அதாவது தகவல்களை அலசி விடை காணக் கற்றுத்தரும் குறுகிய காலத் தீவிரப் பயிற்சியில், சேரச் சொல்லி தினமும் அழைப்பு வருகிறதாம், கட்டணம் இரண்டு லட்சத்துக்குப் பக்கம், வேலை நிச்சயம் என்கிறார்களாம். "உன் சித்தி நகையை வச்சுக் கட்டிடலாமாப்பா?" என்று கேட்டார். 12 வருடமாக இந்தத் துறையில் இருக்கிறேன், ஆள் எடுக்கும் நேர்காணல்களில் உட்காருகிறேன், அதனால் என்னிடம் கேட்டார். வேண்டாம் சித்தப்பா என்றுதான் சொன்னேன். ஏன் என்பதை உங்களிடமும் சொல்கிறேன், ஏனென்றால் இந்தக் கேள்வி இப்போது பல வீடுகளில் இருக்கிறது.

பூட்கேம்பில் என்ன சொல்லித் தருவார்கள்? பைத்தான் என்ற நிரல்மொழி, தரவுத்தளத்திலிருந்து தகவல் எடுக்கும் எஸ்.கியூ.எல்., கொஞ்சம் புள்ளியியல், அப்புறம் பழைய தகவலிலிருந்து கணினியே கற்றுக் கணிக்கும் மெஷின் லேர்னிங், கடைசியில் ஒரு புராஜெக்ட். இதில் எதுவும் ரகசியம் இல்லை. ஐ.ஐ.டி.களும் ஐ.ஐ.எஸ்சி.யும் சேர்ந்து நடத்தும் என்.பி.டி.இ.எல். தளத்தில் இவற்றுக்கான பாடங்கள் காசில்லாமல் கிடைக்கின்றன. நீங்கள் கொடுக்கும் பணம் ஒரு நேர அட்டவணைக்கும், தப்பைத் திருத்த ஓர் ஆளுக்கும், கூடப் படிக்க நாலு பேருக்கும்தான். அதைச் சின்ன விஷயம் என்று நான் சொல்லமாட்டேன். இலவச வீடியோவில் ஆரம்பித்து மூன்றாவது வாரத்திலேயே விட்டுவிட்டவர்கள் ஏராளம், அவர்களில் சிலருக்கு அந்த நெருக்கடிதான் தேவைப்பட்டது.

ஆனால் நேர்காணலில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். சில மாதங்களுக்கு முன்னால் ஒரு தம்பி வந்தார். ரெஸ்யூமேயில் டைட்டானிக் புராஜெக்ட். தரவுப் போட்டிகள் நடத்தும் கேகிள் தளத்தில் இருக்கும் டைட்டானிக் பயணிகள் பட்டியல் அது, யார் பிழைத்தார்கள் என்று கணிக்க வேண்டும், உலகம் முழுக்கப் புதிதாகப் படிப்பவர்கள் முதலில் எடுப்பது இதைத்தான். பயிற்சிக்குத் தரும் 891 பேரில் 177 பேருக்கு வயது இல்லை. என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். சராசரியைப் போட்டு நிரப்பினேன் என்றார். சராசரி ஏறக்குறைய 30. சரி, வயது இல்லாதவர்களில் நாலு பேரின் பெயருக்கு முன்னால் 'மாஸ்டர்' என்று இருக்கிறதே, அப்படியென்றால் என்ன என்றேன். அவருக்குத் தெரியவில்லை. அந்தக் காலத்தில் சின்னப் பையன்களுக்குப் போடும் அடைமொழி அது. பெண்களையும் குழந்தைகளையும் முதலில் படகில் ஏற்றிய கப்பலில், குழந்தைகளை 30 வயது ஆண்களாக மாற்றிவிட்டு யார் பிழைத்தார்கள் என்று கணித்திருக்கிறார். நல்ல பையன், கெட்டிக்காரன். ஆறு மாதத்தில் ஒருநாள்கூட அவரை யாரும் அந்தப் பட்டியலை நிதானமாகப் படித்துப் பார் என்று உட்கார வைக்கவில்லை, அதுதான் எனக்கு வருத்தம்.

அதே வாரம் ஒரு பெண் வந்தார். ராஜபாளையத்தில் நூற்பாலை ஒன்றில் தரக்கட்டுப்பாட்டில் நாலு வருடம் வேலை பார்த்தவர், அவரும் பூட்கேம்ப் முடித்தவர்தான். ஆனால் புராஜெக்டுக்குத் தன் மில்லின் ஷிப்ட் நோட்டையே அனுமதி வாங்கி எடுத்துக்கொண்டார். நூல் நூற்கும் ரிங் ஃபிரேம் இயந்திரங்களில் எதில் எப்போது நூல் அதிகம் அறுகிறது என்பது கேள்வி. ஒரே இயந்திரத்தை ஒருவர் 'ஆர்.எஃப். 7' என்றும், இன்னொருவர் '07' என்றும், மூன்றாமவர் 'ஜன்னல் பக்கம்' என்றும் எழுதியிருந்தார்களாம். அதைச் சரிசெய்யவே மூன்று வாரம் ஆனது. அப்புறம்தான் ஈரப்பதம் குறையும் நேரங்களில் அறுப்பு கூடுவது தெரிந்தது. மில்லில் இருப்பவர்களுக்கு அது தெரிந்ததுதான், ஆனால் எந்த இயந்திரத்தில் எவ்வளவு என்று இவரிடம் கணக்கு இருந்தது. அவரை எடுத்துக்கொண்டோம். பூட்கேம்ப் அவருக்கு நிச்சயம் உதவியது, ஏனென்றால் அதற்குள் கொண்டுபோக அவரிடம் ஒரு தொழில் இருந்தது. கணக்காளர், நர்ஸ், வங்கி ஊழியர் என்று கையில் ஒரு வேலை தெரிந்தவர்கள் கேட்டால், கட்டணம் கைக்கு அடங்குமானால் சேருங்கள் என்றே சொல்வேன்.

வேலை நிச்சயம் என்ற பேச்சில்தான் எனக்குக் கோபம் வருகிறது. அமெரிக்காவில் ப்ளூம்டெக் என்ற நிறுவனம், முன்பு லாம்ப்டா ஸ்கூல் என்று பெயர், 86 சதவீதம் பேர் வரை வேலைக்குப் போனதாக விளம்பரம் செய்தது. உண்மை 50 சதவீதத்தை ஒட்டி, சில பிரிவுகளில் 30 வரை இறங்கியும் இருந்தது என்று அந்நாட்டு நுகர்வோர் நிதிப் பாதுகாப்பு அமைப்பு 2024 ஏப்ரலில் நடவடிக்கை எடுத்தது. வேலை கிடைத்தபின் சம்பளத்தில் ஒரு பங்கு தர வேண்டும் என்று, இது கடனே இல்லை என்று சொல்லி மாணவர்களிடம் வாங்கிய ஒப்பந்தமும் கடன்தான் என்றது. இங்கேயும் பார்த்துக்கொள்ளுங்கள். மாதத் தவணை என்று நீங்கள் கையெழுத்துப் போடுவது பல நேரம் ஒரு நிதி நிறுவனத்தின் கடன் பத்திரத்தில். பிள்ளை இரண்டாம் மாதம் நின்றுவிட்டாலும் தவணை நிற்காது. போன பேட்சில் எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் முடித்தார்கள், என்ன வேலைக்குப் போனார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். எனக்குத் தெரிந்த ஒரு பையனுக்குக் கிடைத்த 'வேலை', அதே கோர்ஸை அடுத்தவருக்குப் போனில் விற்பது.

தங்கைக்கு என்ன சொன்னேன் என்றால், முதலில் மூன்று மாதம் எஸ்.கியூ.எல்., எக்செல், அதோடு பைத்தான். இருக்கும் தகவலை அலசி அறிக்கை தரும் டேட்டா அனலிஸ்ட் வேலைக்கு முயற்சி செய், டேட்டா சயின்டிஸ்ட் பட்டம் அப்புறம் வரட்டும். முறையாகவே படிக்க வேண்டுமென்றால், ஐ.ஐ.டி. மெட்ராஸ் 2020இல் தொடங்கிய ஆன்லைன் டேட்டா சயின்ஸ் படிப்பு இருக்கிறது. ஜே.இ.இ. எழுத வேண்டியதில்லை, நாலு வாரப் பாடம் படித்துத் தகுதித் தேர்வு எழுதிச் சேரலாம், இடையில் டிப்ளமோவோடு நின்றுகொள்ளவும் வழி உண்டு.

பயிற்சிக்கு அவள் தன் அப்பாவின் மளிகைக் கடைப் பற்று நோட்டை எடுத்திருக்கிறாள். நேற்று இரவு போன் செய்து, "அண்ணா, வாடிக்கையாளர் பட்டியலையும் பாக்கிப் பட்டியலையும் சேர்த்தா சில வரிசை ஏன் இரண்டு தரம் வருது?" என்று கேட்டாள். ஒரே முருகேசன் இரண்டு தரம் பதிவாகியிருந்தார். அதைக் கண்டுபிடிக்க எங்கள் இரண்டு பேருக்கும் முக்கால் மணி நேரம் ஆனது. நன்றி, வணக்கம்.