மூத்த தாரம், இளைய தாரம்: பழைய பத்திரங்களில் தேடும் முறை

நேயர்களுக்கு வணக்கம்.

வம்சாவளி எழுத உட்காருகிறவர்கள் பலர் கொள்ளுத்தாத்தா பெயரை எழுதி, பக்கத்தில் ஒரு பாட்டியின் பெயரைப் போட்டு, கீழே ஏழெட்டுப் பிள்ளைகளை வரிசையாக எழுதிவிடுகிறார்கள். மூத்தவர் 1898-இல் பிறந்திருப்பார். கடைக்குட்டி 1931-இல். நடுவே 33 வருஷம். ஒரே தாய் வயிற்றில் அப்படி நடப்பது மிக மிக அபூர்வம். அந்த இடைவெளியில் இன்னொரு தாய் இருந்திருக்கிறாள் என்று சந்தேகப்பட வேண்டிய இடம் அது.

சென்னை மாகாணத்தில் மனைவி இருக்கும்போதே இன்னொரு பெண்ணைக் கட்டிக்கொள்ள இந்து ஆண்களுக்கு 1949 வரை சட்டத் தடை இல்லை. அந்த ஆண்டு மாகாணச் சட்டம் அதைத் தடுத்தது. 1955-இல் இந்து திருமணச் சட்டம் வந்தது. பிரசவத்தில் மனைவியைப் பறிகொடுத்து மறுதாரம் கட்டியவர்களும் ஊருக்கு ஊர் உண்டு. ஆனால் தமிழ்நாட்டில் எல்லாத் திருமணங்களையும் பதிவு செய்வது கட்டாயமானது 2009-இல்தான். ஆகவே பாட்டன் காலத்துக் கல்யாணத்துக்குச் சான்றிதழ் தேடினால் கிடைக்காது. நிலம் கைமாறியபோதும், தகப்பன் இறந்து பிள்ளைகள் மைனராக நின்றபோதும், பங்கு பிரித்தபோதும்தான் எழுத்து பிறந்தது. மனைவியின் பெயரும் அங்கேதான் இருக்கிறது.

முதல் வேலை வீட்டிலேயே. பிள்ளைகள் எல்லோரையும் பிறந்த வருஷ வாரியாக ஒரு தாளில் எழுதுங்கள். எங்கே ஐந்தாறு வருஷ வெற்றிடம் விழுகிறதோ அங்கே ஒரு கோடு போடுங்கள். கோட்டுக்கு மேலே உள்ள பிள்ளைகளின் வாரிசுகளிடம் தனியாகவும், கீழே உள்ளவர்களிடம் தனியாகவும் ஒரே கேள்வியைக் கேளுங்கள்: தாய்மாமன் யார், எந்த ஊர்? “பாட்டிக்கு முன்னால் இன்னொருத்தர் இருந்தாரா” என்று கேட்டால் பெரியவர்கள் வாயை மூடிக்கொள்வார்கள். காதுகுத்துக்கு மடியில் உட்கார வைத்த மாமன் யார் என்று கேட்டால் உற்சாகமாகச் சொல்வார்கள். அண்ணன் தம்பிகளுக்கு இரண்டு ஊரில் தாய்மாமன் வீடு இருந்தால் பெரும்பாலும் தாயும் இரண்டு பேர். கருமாதிப் பத்திரிகை, மொய் நோட்டு, ஜாதகக் கட்டு, கிஸ்தி (நிலவரி) ரசீது என்று பெட்டியில் இருப்பதை எல்லாம் எடுத்து வையுங்கள். பழைய மொய் நோட்டில் சம்பந்தி வீட்டு ஊர்ப் பெயர்கள் இருக்கும். அவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்து சார்பதிவாளர் அலுவலகம். அங்கே நமக்கு வேண்டியவை மூன்று புத்தகங்கள். முதல் புத்தகத்தில் கிரயம், அடமானம், பாகப்பிரிவினை, செட்டில்மெண்ட், விடுதலை (தன் பங்கை விட்டுக்கொடுப்பது) என்று நிலம், வீடு சம்பந்தப்பட்ட பத்திரங்கள் எல்லாம் நகலாக எழுதப்பட்டிருக்கும். மூன்றாம் புத்தகத்தில் உயில்களும், சுவீகாரம் (தத்து) எடுக்க மனைவிக்குக் கொடுத்த அதிகாரப் பத்திரங்களும் இருக்கும். நான்காம் புத்தகம் மற்ற பலவகைப் பத்திரங்களுக்கானது. முதல் புத்தகத்தை யார் வேண்டுமானாலும் மனு போட்டுப் பார்க்கலாம், நகல் வாங்கலாம். உயில் எழுதியவர் இறந்திருந்தால் மூன்றாம் புத்தக நகலும் கிடைக்கும். இறப்புச் சான்று கையில் இருக்கட்டும். நான்காம் புத்தகம் மட்டும் பத்திரத்தில் சம்பந்தப்பட்டவர்களுக்கும் அவர்களுடைய பிரதிநிதிகளுக்கும்தான்.

தேடும்போது பெரும்பாலானோர் சர்வே நம்பரைக் கொடுத்து வில்லங்கம் மட்டும் போடுகிறார்கள். அது சொத்து வழித் தேடல், இரண்டாம் அட்டவணை. மனைவியரைத் தேடும் நமக்கு முதல் அட்டவணை முக்கியம். அது பெயர் வழி. எழுதிக் கொடுத்தவர், எழுதி வாங்கியவர் இரு தரப்புப் பெயரும் அதில் ஏறியிருக்கும். கணினி வில்லங்கம் எட்டாத பழைய வருஷங்களுக்குக் கைத்தேடுதல் மனு கொடுக்க வேண்டும். கட்டணம் வருஷக் கணக்கில் ஏறும் என்பதால் ஐம்பது வருஷத்தை மொத்தமாகக் கேட்காதீர்கள். தாத்தா இறந்த வருஷத்துக்கு முன் ஐந்து, பின் பத்து வருஷம் போதும். பெரும்பாலான குடும்பங்களில் பங்குப் பிரச்சினை வெடிப்பது அந்தக் காலத்தில்தான். உங்கள் கிராமம் அப்போது வேறு சார்பதிவகத்தின் கீழ் இருந்திருக்கலாம். அதை முதலில் விசாரியுங்கள். சர்வே நம்பரும் மாறியிருக்கும். 1979 முதல் 1987 வரை நடந்த நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்தில் பல ஊர்களில் உட்பிரிவுகள் புதிதாயின. கிராம நிர்வாக அலுவலரிடம் உள்ள ‘அ’ பதிவேட்டில் பழைய எண்ணுக்கு ஒரு பத்தி உண்டு.

பத்திரம் கையில் வந்ததும் சொத்து விவரத்துக்குத் தாவ வேண்டாம். முதல் பக்கத்தை வரி வரியாக வாசியுங்கள். பழைய பாகப்பிரிவினைப் பத்திரம் இப்படிப் போகும்: “நம்மில் 1, 2 லக்கமிட்டவர்கள் காலஞ்சென்ற இன்னாருடைய மூத்த தாரத்துக் குமாரர்கள், 3 லக்கமிட்டவர் மேற்படியாரின் இளைய தாரம், 4, 5 லக்கமிட்ட மைனர்களுக்காக அவர்கள் தாயும் கார்டியனுமான மேற்படி 3 லக்கமிட்டவர்.” லக்கம் என்றால் எண். இந்த ஒரு வாக்கியத்தில் எவ்வளவு இருக்கிறது பாருங்கள். மூத்தாள் கையெழுத்துப் போடும் இடத்தில் இல்லை, அநேகமாக இறந்துவிட்டாள். இளையாள் இருக்கிறாள். அவளுடைய இரண்டு பிள்ளைகளும் மைனர்கள். ஆகவே பத்திரத் தேதிக்கு முந்திய பதினெட்டு வருஷத்துக்குள் பிறந்தவர்கள். மைனரின் வயது எழுதியிருந்தால் இளைய தாரம் வந்த காலத்தை இரண்டு மூன்று வருஷக் கணக்கில் நெருங்கிவிடலாம்.

பின்பக்கத்தையும் பாருங்கள். எழுதிக் கொடுத்ததாக ஒப்புக்கொண்டவரின் தகப்பன் பெயர், தொழில், ஊர், இடது பெருவிரல் ரேகை, கீழே ‘இன்னார் என்று நிரூபித்தவர்கள்’ இரண்டு பேர். பெண் எழுதிக் கொடுக்கும் பத்திரத்தில் நிரூபிக்க வந்தவர் பல சமயம் அவளுடைய சகோதரன்தான். அவருடைய தகப்பன் பெயரும் ஊரும் கிடைத்தால் பாட்டியின் பிறந்த வீடு கிடைத்த மாதிரி.

சொல் சொல்லாததைப் பங்குக் கணக்கு சொல்லும். பல குடும்பங்களில் தாரத்துக்கு ஒரு பாகம் என்று பிரிக்கும் வழக்கம் இருந்தது. பத்தினி பாகம் என்பார்கள். மூத்தவளுக்கு ஒரே மகன், இளையவளுக்கு நான்கு மகன் என்றால் அந்த ஒருவருக்குப் பாதி, நால்வருக்கும் சேர்த்து மறு பாதி. ஐந்து சகோதரர்களில் ஒருவர் மட்டும் பாதிச் சொத்து எடுத்திருந்தால் ‘அண்ணன் ஏமாற்றிவிட்டான்’ என்று முடிவு கட்டாமல் தாயைத் தேடுங்கள்.

1956 ஜூன் 17-இல் இந்து வாரிசுரிமைச் சட்டம் வந்த பிறகு கணக்கு வேறு. விதவைகள் எத்தனை பேரானாலும் எல்லோரும் சேர்ந்து ஒரு பங்கு. 1949-க்கு முன்பே இரண்டு பேரைக் கட்டியவர் 1960-இல் உயில் எழுதாமல் இறந்தார், சுயார்ஜித (தானே சம்பாதித்த) நிலம், ஐந்து பிள்ளைகள், தாயார் முன்பே காலமாகிவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் ஆறு பங்கு. பிள்ளைக்கு 6-இல் 1. இரண்டு விதவைகளும் ஆறில் ஒன்றைப் பகிர்வதால் ஆளுக்கு 12-இல் 1. விதவை ஒருத்தி 12-இல் 1 பாகத்தை விற்ற பத்திரம் கண்ணில் பட்டால், மற்ற பன்னிரண்டில் ஒன்று யாருடையது என்று உடனே கேளுங்கள். இடையில் ஒருவர் இறந்து பங்கு உடைந்திருந்தாலும் இதே பின்னம் வரலாம். அதனால் மற்ற பங்குகளையும் கூட்டி முழு ஒன்று வருகிறதா என்று சரிபாருங்கள்.

பிள்ளை இல்லாமல் போன மூத்த தாரம்தான் தேடுவதற்கு மிகக் கடினம். இவர்களைக் குடும்பம் அறவே மறந்துவிடுகிறது. பெயர் சொல்லக்கூட ஆள் இல்லை. அந்த அநியாயத்தைச் சரிசெய்ய நமக்கிருக்கும் வழி காகிதம் ஒன்றுதான். முதலில் ஜீவனாம்சப் பத்திரம். “உன் ஆயுள் பரியந்தம் அனுபவித்துக்கொண்டு, யாதொரு பராதீனமும் செய்யாமல்” என்று அரை ஏக்கரோ ஒரு ஏக்கரோ நஞ்சை ஒதுக்கியிருப்பார்கள். பராதீனம் என்றால் விற்பது, அடமானம் வைப்பது போன்ற கைமாற்றம். இரண்டாம் கல்யாணத்தை ஒட்டியே இது எழுதப்படுவதுண்டு. எனவே அதன் தேதி மறுமணத்தின் தேதிக்குப் பக்கத்தில் இருக்கலாம். அடுத்து சுவீகார அதிகாரம். இரண்டு விதவைகள் இருந்தால் தத்தெடுக்கும் உரிமையில் மூத்தவளுக்கே முதலிடம் என்பது பழைய இந்து சட்டம்; அதனால் அவள் பெயர் அங்கே வரும். பிறகு மஞ்சள்காணி. கல்யாணத்தில் தகப்பன் மகளுக்குக் கொடுத்த நிலம். 1956-க்குப் பின், தாய் தகப்பனிடமிருந்து வாரிசுரிமையாக (தானமாக அல்ல) வந்த சொத்து பிள்ளையில்லாத பெண்ணின் மறைவுக்குப் பிறகு அவளுடைய தகப்பனின் வாரிசுகளுக்கே திரும்பும். அப்போது சகோதரர்கள் விற்ற பத்திரத்தில் “எங்கள் சகோதரி சந்ததியின்றிக் காலமாகிவிட்டபடியால்” என்று ஒரு வரி வரும். ஆகவே தாத்தாவின் ஊரில் மட்டும் தேடாதீர்கள். அவளுடைய பிறந்த ஊர் சார்பதிவகத்திலும் தேடுங்கள்.

பழைய பிறப்பு இறப்புப் பதிவேடுகள் ஊரைப் பொறுத்து சார்பதிவகத்திலோ வட்டாட்சியர் அலுவலகத்திலோ நகராட்சியிலோ இருக்கும். பிறப்பில் குழந்தையின் பெயர்ப் பத்தி காலியாக இருக்கும். பெயர் வைக்கும் முன்பே பதிந்துவிடுவார்கள். தாய், தகப்பன் பெயரை வைத்துத் தேடச் சொல்லுங்கள். மூத்தவளின் இறப்புத் தேதியைக் கண்டுபிடிக்க முடிந்தால் அதுவே முடிவான சாட்சி. இளையவளின் முதல் பிள்ளை அதற்கு முன் பிறந்திருந்தால் ஒரே காலத்தில் இருவர்.

கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு வேலை எளிது. 1872-ஆம் ஆண்டு சட்டப்படியான திருமணப் பதிவேட்டில் மணமகன் மணமாகாதவரா, மனைவியை இழந்தவரா என்று தனிப் பத்தியே உண்டு. இஸ்லாமியக் குடும்பங்களில் ஜமாஅத்தின் நிக்காஹ் (திருமண) பதிவேட்டில் வலி (பெண்ணின் பாதுகாவலர்), சாட்சிகள், மஹர் (மணமகன் பெண்ணுக்குத் தரும் மணக்கொடை) தொகை எல்லாம் இருக்கும். நகரத்தார் வீடுகளில் இசைகுடிமானம் (திருமண ஒப்பந்தப் பத்திரம்) இருக்கிறதா என்று கேளுங்கள். ஜமீன் குடும்பங்களாக இருந்தால் வழக்குத் தீர்ப்புகளே வம்சாவளி. சிவகங்கை ஜமீனுக்காகக் காத்தம நாச்சியார் அன்றைய உச்ச மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய் 1863-இல் வென்ற வழக்கில், அவருடைய தகப்பனாரின் மனைவியர், பெண்மக்கள் விவரம் அச்சிலேயே இருக்கிறது.

இனி, தப்பு எங்கே நடக்கும் என்று பார்ப்போம். பேரனுக்குத் தாத்தா பெயர் வைக்கும் வழக்கத்தால் ஒரே பெயரில் இரண்டு ஆள் இருப்பார்கள். இருவருடைய மனைவியரையும் ஒருவர் தலையில் கட்டிவிட்டால் இல்லாத இரண்டாம் தாரம் பிறந்துவிடும். தகப்பன் பெயர் ஒத்துப்போகாமல் எதையும் சேர்க்காதீர்கள். ஒரே பெண்ணுக்கு வீட்டில் ஒரு பெயர், பத்திரத்தில் ஒரு பெயர் இருக்கும். அது இரண்டு மனைவியாகத் தோன்றும். அக்காள் இறந்தபின் தங்கையைக் கட்டியிருந்தால் இருவருக்கும் தகப்பன் பெயரும் ஊரும் ஒன்றே. இரண்டு பேர் ஒருத்தியாகிவிடுவார்கள். அங்கே வயதுதான் கைகொடுக்கும். அதுவும் உத்தேச வயது. ஐந்து வருஷம் முன்பின் விட்டுக் கணக்கிடுங்கள்.

தேதிகளிலும் கவனம் வேண்டும். தமிழ் வருஷப் பெயர் அறுபது வருஷத்துக்கு ஒருமுறை திரும்ப வரும். ஜாதகத்தில் விரோதி வருஷம் என்றிருந்தால் அது 1889-ஆகவும் இருக்கலாம், 1949-ஆகவும் இருக்கலாம். கிஸ்தி ரசீதில் உள்ள பசலியோடு (வருவாய்த்துறை ஆண்டு) 590 கூட்டினால் அந்தப் பசலி தொடங்கிய ஆங்கில வருஷம் வரும்; பசலி ஜூலையில் தொடங்கும். கன்னியாகுமரிப் பக்கத்துப் பத்திரங்களில் கொல்லம் ஆண்டு (மலையாள ஆண்டு) இருக்கும். ஆவணி முதல் மார்கழிப் பாதி வரை 824, அதன் பிறகு 825 கூட்டுங்கள்.

கிடைத்ததை எல்லாம் வருஷம், புத்தகம், வால்யூம், பக்கம், பத்திர நம்பரோடு எழுதிவையுங்கள். பெயரைப் பத்திரத்தில் உள்ள எழுத்திலேயே எழுதுங்கள், திருத்தாதீர்கள். பெயர் கிடைக்கவே இல்லையென்றால் அந்த இடத்தைத் துடைத்துவிடாமல், “மூத்த தாரம், பெயர் கிடைக்கவில்லை, 1923-க்கு முன் காலமானார்” என்று உங்களுக்குத் தெரிந்த வரையில் குறித்து, எந்தப் பத்திரத்திலிருந்து தெரிந்தது என்பதையும் பக்கத்தில் எழுதுங்கள். அடுத்துத் தேடப்போகிறவர் அங்கிருந்து தொடங்கலாம்.

வணக்கம்.