கைநாட்டு மட்டும் கேக்காத

எல்லாருக்கும் வணக்கம்ங்க. நம்ம ஊருக்கு இப்ப பெஸ்தாரி ஜெயான்னு பேரு, ஆனா எனக்கு வாயில வர்றது பத்தாங் பெர்ஜுந்தைதான். கோயில் தலைவர் ஐயா, எனக்கு அ ஆ சொல்லிக்குடுத்த டீச்சரம்மா, முன்னால உக்காந்திருக்குற பாட்டிங்க, பின்னால நிக்கிற அண்ணன்மாரு, நீங்கல்லாம் சேந்து மாலை போட்டீங்க, ரொம்ப சந்தோஷம். மலாயா பல்கலைக்கழகத்துல கலை, சமூக அறிவியல் ஃபேக்கல்டில எனக்கு பிஎச்டி கெடச்சிருச்சு. ஆனா அந்த பிஎச்டி எப்படி வந்துச்சுன்னு சொல்லத்தான் இந்த மைக்க வாங்குனேன்.

அங்க தமிழுக்கு சின்ன எடமில்லங்க. 1966 ஏப்ரல்ல கோலாலம்பூர்ல நடந்துச்சே முதல் உலகத் தமிழ் மாநாடு, அத முன்ன நின்னு நடத்துன தனிநாயகம் அடிகள் அப்ப அங்க இந்திய ஆய்வியல் துறைக்கு தலைவரு. அந்த லைப்ரரில உக்காரும்போதெல்லாம் எனக்கு அதான் ஞாபகம் வரும்.

படிப்பு கஷ்டமான்னு கேக்குறாங்க. கஷ்டந்தான். அலவன்ஸ் சில மாசம் லேட்டாதான் வரும், ராத்திரி டியூசன் சொல்லிக்குடுத்து ரூம் வாடகை கட்டுனேன், சூப்பர்வைசர் ஒரே சாப்டர ஆறு தடவ திருப்பி அனுப்புனாங்க. அது இருக்கட்டும்.

என் ஆராய்ச்சி சயாம் மரண ரயில பத்தி. சயாம்னா இப்பத்த தாய்லாந்து. 1942, 43ல ஜப்பான்காரன் சயாம்லேருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் தண்டவாளம் போட்டான், மலாயா ரப்பர் தோட்டத்துலேருந்து நம்ம தமிழ் ஆளுங்கள லாரில ஏத்திட்டுப் போனாங்க, காலராவுலயும் பட்டினிலயும் ஆயிரக்கணக்குல செத்துப்போனாங்க. அங்க காஞ்சனபுரில வெள்ளக்கார, டச்சுக்கார போர்க்கைதிங்களுக்கு பெரிய கல்லறைத் தோட்டம் இருக்கு, ஏறக்குறைய 7,000 பேரு, முக்கால்வாசி கல்லுல பேரு இருக்கும். நம்மாளுங்களுக்கு? எத்தன பேருன்னு ஒழுங்கான கணக்கே இல்லங்க, எழுதி வெக்கல. அர்க்கிப் நெகாராவுல, அதான் தேசிய ஆவணக் காப்பகத்துல, மாசக்கணக்கா பழைய ஃபைல பொரட்டுனேன், தொரைமாரு எழுதுனதுதான் இருக்கு, லயத்துல, அதான் தோட்டத்து வரிசை வீட்டுல, இருந்தவங்க சொன்னது ஒரு வரி கூட சிக்கல.

அப்பதான் ரெக்கார்டர எடுத்துக்கிட்டு இந்தப் பக்கம் வந்தேன். ஒரு பாட்டி, 88 வயசு, வாசல்ல வெத்தல இடிச்சிக்கிட்டு இருந்தாங்க. யுனிவர்சிட்டில ஒரு ஃபாரம் குடுப்பாங்க, பேசுறவங்க சம்மதம்னு கையெழுத்து போடணும், எழுதத் தெரியலனா கைநாட்டு. நான் மைப்பொட்டிய தெறந்து பக்கத்துல வெச்சேன். பாட்டி கைய அப்படியே முந்தானைக்குள்ள இழுத்துக்கிட்டாங்க. "எங்கப்பா கைநாட்டு வெச்சுட்டுதான்டி சயாமுக்குப் போனாரு. மூணு மாச வேலைன்னாங்க. இன்னும் வரல."

நான் மைப்பொட்டிய மூடிட்டேன். அன்னிக்கு ஒண்ணுமே கேக்கல, வெத்தல மட்டும் வாங்கிப் போட்டுட்டு வந்துட்டேன். சூப்பர்வைசர்கிட்ட சொன்னேன், கமிட்டிக்கு எழுதிக்குடுத்து, வாயால சொல்ற சம்மதத்த ரெக்கார்ட் பண்ணா போதும்னு மாத்துனோம். திரும்பப் போனப்ப பாட்டியே ஆரம்பிச்சாங்க: "நான் சொல்றத எழுதிக்க. கைநாட்டு மட்டும் கேக்காத." ரெண்டு மணி நேரம் பேசுனாங்க. அத எழுத்துல எறக்க எனக்கு ஒரு வாரம் ஆச்சு, ஏன்னா பேசுறப்ப அவங்க நிறுத்துற எடமும் எழுதணும், அங்கதான் நெறைய இருக்கு. கடைசில ஒரு பிஸ்கட் டின்ன தெறந்து காட்டுனாங்க. உள்ள சிவப்பு ஐசின்னு சொல்ற, குடியுரிமை இல்லாதவங்களோட அடையாள அட்டை, அவங்கம்மாவோட தோட்டத்து சம்பளத் துண்டு, ஓரம் கரையான் அரிச்ச ஒரு ஃபோட்டோ. அப்பா மொகம் அந்த அரிச்ச எடத்துக்கு ஒரு வெரல் தள்ளி இருக்கு.

வைவாவுல, அதான் பிஎச்டிக்கான வாய்மொழித் தேர்வுல, ஒரு எக்சாமினர் அந்த சாப்டர்லதான் நெறைய நேரம் நின்னாரு, இந்தக் கதை எந்த ஃபைல்லயும் இல்லயேன்னாரு. இல்லைங்க ஐயா, டின்னுல இருந்துச்சுன்னேன்.

வீடு மாறுறப்ப அந்த மாதிரி டின்னயெல்லாம் குப்பைன்னு எரிச்சிர்றோம், பாமாயிலுக்கு செம்பனை போட ரப்பர் மரத்த சாய்ச்சப்ப லயத்தோட எவ்வளவு போச்சுன்னு உங்களுக்கே தெரியும். தயவுசெஞ்சு இனி எரிக்காதீங்க. அடுத்த ஞாயித்துக்கிழமை காலைல பூசை முடிஞ்சதும் இதே மண்டபத்துல ஸ்கேனரோட உக்காந்திருப்பேன். செக்ரோல்னு சொல்ற தோட்டத்து சம்பளப் பதிவுத் துண்டு, கோயில் கணக்கு நோட்டு, ஃபோட்டோ, எதுவா இருந்தாலும் எடுத்துட்டு வாங்க, உங்க கண்ணு முன்னாலயே ஸ்கேன் பண்ணி அப்பவே திருப்பிக் குடுத்துருவேன். நடக்க முடியாத பாட்டி தாத்தா இருந்தா வீட்டு நம்பர மட்டும் சொல்லுங்க, சாயங்காலம் நானே வரேன்.