53 ஆட்டத்தில் 19 வெற்றி: ஸ்டிமாக்கை அனுப்பியது சரியா?

அடுத்த கேள்வி. "இந்தியக் கால்பந்து அணிக்கு இகோர் ஸ்டிமாக் பயிற்சியாளராக இருந்தபோது 53 ஆட்டத்தில் 19 வெற்றி, 14 டிரா. மோசம் என்று சொல்ல முடியாதே, சுமார்தானே? அதற்காக வேலையை விட்டு அனுப்பலாமா?" என்று ஒரு நேயர் கேட்டிருக்கிறார்.

சுமார் என்பதற்காக மட்டும் என்றால் கூடாது. இதே மனிதர் 2023இல் தெற்காசிய நாடுகள் மோதும் சாஃப் கோப்பையை வாங்கித் தந்தார். அந்த ஜூலையில் ஃபிஃபா தரவரிசையில் 99க்கு வந்தோம். அப்போது யாரும் இந்தக் கணக்கைப் பார்க்கவில்லை. அதே ஆண்டு ஆசிய விளையாட்டுக்குப் பையன்கள் முந்தின நாள்தான் போய் இறங்கினார்கள். மறுநாள் சீனாவிடம் 5-1. அது வயது வரம்புள்ள போட்டி என்பதால் இந்த 53இல் சேராது, ஆனாலும் அதை அவர் தலையில் கட்டக் கூடாது.

ஆனால் 2024ஐப் பாருங்கள். ஆசியக் கோப்பையில் மூன்று ஆட்டமும் தோல்வி, ஒரு கோல்கூட இல்லை. அப்புறம் மார்ச்சில் குவாஹாட்டி. சொந்த மண், கேப்டன் சுனில் சேத்ரிக்கு 150ஆவது ஆட்டம், பெனால்டியில் அவரே கோல் போட்டு முன்னிலை. எதிரே ஆப்கானிஸ்தான். 70ஆவது நிமிடத்தில் ஒன்று, 88இல் இன்னொன்று வாங்கித் தோற்றோம். என்னைக் கேட்டால் அன்றைக்கே அனுப்பியிருக்கலாம்.

அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்போ ஜூன் வரை காத்திருந்தது. தோஹாவில் கத்தாருக்கு எதிராக முன்னிலையில் இருந்தோம். கோட்டைத் தாண்டி வெளியே போன பந்தை உள்ளே இழுத்துக் கோலாக்கினார்கள். ஊரே பார்த்தது, நடுவர் பார்க்கவில்லை. அதற்குப் பயிற்சியாளர் என்ன செய்வார்? 2-1 தோல்வி, ஜூன் 17 அன்று நீக்கம். முடிவு சரி, பிடித்த ஆட்டம்தான் தப்பு!

என் கோபமெல்லாம் கூட்டமைப்பு மேல்தான். முந்தைய அக்டோபரில்தான் ஒப்பந்தத்தை 2026 வரை நீட்டித்திருந்தார்கள். எட்டே மாதத்தில் துரத்தினால் சும்மா போவாரா? 4 லட்சம் டாலர் கொடுத்துத்தான் பேசி முடித்தார்கள்.

சரி, அடுத்து வந்த மனோலோ மார்க்கேஸ்? கோவா கிளப்புக்கும் அவரே பயிற்சியாளர், நாட்டுக்கும் அவரே என்று இருந்தார். எட்டு ஆட்டத்தில் ஒரே வெற்றி, அதுவும் மாலத்தீவுடன் நட்பு ஆட்டம். கோல் போட ஆள் இல்லாமல், ஓய்வு பெற்றுப் போன சேத்ரியை 40 வயதில் திரும்பக் கூப்பிட்டிருந்தார்கள். அந்த ஆட்டத்தின் மூன்று கோல்களில் ஒன்று அவர் போட்டது.