குழந்தை ரோபோவிடம் மனம் திறக்குமா?

[திரையில்: மேசையில் சிறிய ரோபோ, எதிரே நாற்காலியில் ஒரு குழந்தை]

தனக்கு நேர்ந்த கொடுமையை ஒரு குழந்தை சொல்லத் தொடங்கும்போது, கேட்பவரின் முகத்தைத்தான் முதலில் பார்க்கும். அம்மா அழுதுவிடுவாரா, டீச்சர் நம்புவாரா? எதிரில் இருப்பவர் முகம் மாறினால், பாதியிலேயே நிறுத்திவிடும் குழந்தைகள் உண்டு.

சரி, முகமே மாறாத ஒன்று கேட்டால்?

2022-ல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 8 முதல் 13 வயது வரையுள்ள 28 குழந்தைகளை, நாவோ என்ற 60 சென்டிமீட்டர் உயர ரோபோவுடன் தனித்தனியே பேச வைத்தார்கள். பெற்றோரும் குழந்தைகளும் நிரப்பிய படிவங்களில் தெரியாத மனவாட்டம், சில குழந்தைகள் ரோபோவிடம் சொன்ன பதில்களில் தெரிந்தது. இது வன்கொடுமை பற்றிய ஆய்வு அல்ல. ஆனாலும் இதை ஒதுக்கிவிட முடியாது.

அமெரிக்காவில் ரோபோ ஆய்வாளர் சிண்டி பெத்தெல் குழுவினர் நடத்திய ஆய்வில், 4 முதல் 6 வயதுக் குழந்தைகள் ஒரு ரகசியத்தைப் பெரியவரிடம் சொன்ன அளவுக்கே ரோபோவிடமும் சொன்னார்கள். கூடுதலாகச் சொல்லவில்லை என்பதையும் கவனியுங்கள்.

[திரையில்: பக்கத்து அறையில் கணினி முன் ஒரு பெண்]

என்னைப் பொறுத்தவரை, ரோபோவின் பெரிய பலன் விசாரணையில்தான். "அவர் உன்னை அடித்தாரா?" என்று கேட்டால், பெரியவர் எதிர்பார்க்கும் பதிலையே சின்னக் குழந்தை சொல்லிவிடலாம். "அப்புறம் என்ன நடந்தது?" என்று கேட்டால்தான் அதன் சொந்த வார்த்தைகள் வரும். மனிதர்கள் இதில் சறுக்குவார்கள். குரல் உயரும், புருவம் சுருங்கும். ரோபோ பத்தாவது கேள்வியையும் முதல் கேள்வியைப் போலவே கேட்கும். பயிற்சி பெற்ற ஒருவர் பக்கத்து அறையிலிருந்து அதை இயக்கலாம். எதைக் கேட்பது என்று முடிவெடுப்பவர் அவர்தான்.

அப்படியானால் வீட்டுக்கு வீடு ஒன்று வாங்கி வைத்துவிடலாமா? கூடாது என்றே நினைக்கிறேன். கொடுமை செய்பவர் பெரும்பாலும் குழந்தைக்குத் தெரிந்தவர், பல நேரம் அதே வீட்டில் இருப்பவர். ரோபோவின் பதிவு அவர் கைபேசிக்கே போய்ச் சேர்ந்தால், உதவி கேட்ட குழந்தை மேலும் ஆபத்தில் மாட்டிக்கொள்ளும். வெளியாட்களாலும் ஆபத்து உண்டு. 'மை ஃப்ரெண்ட் கேலா' என்ற பேசும் பொம்மையை மறைமுக ஒட்டுக்கேட்புக் கருவி என்று சொல்லி 2017-ல் ஜெர்மனி தடை செய்தது.

அதனால் ரோபோ இருக்க வேண்டிய இடம் குழந்தைகள் நல மையமோ மருத்துவமனையோதான். பேச்சைத் தொடங்கும் முன்பே அது குழந்தையிடம் சொல்லிவிட வேண்டும்: "நீ சொல்வதை நான் ரகசியமாக வைத்திருக்க மாட்டேன். உனக்கு உதவி செய்ய வேண்டியவரிடம் சொல்லுவேன்."