குத்தகைக் காசும் ஆண்டுச் சுட்டெண்ணும்

(மட்டக்களப்பில் விவசாயிகளும் ஓய்வூதியர்களும் கூடியிருந்த சபையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

சபையோருக்கு வணக்கம்.

குடும்பங்கள் வாங்கும் சாமான்களின் விலைமட்டத்தை ஒரே எண்ணாகச் சொல்வதுதான் நுகர்வோர் விலைச் சுட்டெண். 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி பணவீக்கம், அதாவது ஒரு வருடத்தில் விலை ஏறிய வேகம், 69.8 சதவீதம். அடுத்த வருடம் அதே மாதம் 1.3 சதவீதம். "கடையில சாமான் விலை இறங்கவே இல்லையே, குறைஞ்சிட்டுது எண்டு எப்படிச் சொல்றாங்க?" என்று பலர் கோபப்பட்டார்கள். கோபம் நியாயமானதுதான், ஆனால் எண்ணும் பொய்யில்லை. நமது வாவியில் வெள்ளம் ஏறும் வேகம் குறைந்தாலும், ஏறிய தண்ணீர் வாசற்படியில் நிற்கத்தானே செய்யும்? செய்தியில் சொல்வது வேகத்தை. தண்ணீர் எதுவரை ஏறி நிற்கிறது என்பதை ஆண்டுச் சுட்டெண்ணில், அதாவது அந்த வருடத்தின் பன்னிரண்டு மாதச் சுட்டெண்களின் சராசரியில்தான் பார்க்க வேண்டும்.

மாதக் கணக்கு ஏன் போதாது? மாரியில் கடல் கொந்தளித்தால் மீன் விலை ஏறும். மாசி, பங்குனியில் பெரும்போக அறுவடை வந்தால் நெல் விலை விழும். பன்னிரண்டு மாதங்களுக்கும் சராசரி எடுத்தால் இந்த ஏற்ற இறக்கம் அடங்கி, நீண்ட காலப் போக்கு தெரியும்.

2019ஆம் ஆண்டின் சராசரி விலைமட்டத்தை 100 என்று வைப்போம். கொழும்புச் சுட்டெண்ணின் ஆண்டுச் சராசரி ஏற்றம் 2020இல் 4.6, 2021இல் 6, 2022இல் 46.4, 2023இல் 17.4, 2024இல் 1.2 சதவீதம். இவற்றைக் கூட்டினால் 75.6 வரும். பலர் அதோடு நிறுத்திவிடுகிறார்கள். அது பிழை. ஒவ்வொரு வருட ஏற்றமும் முந்திய வருடம் ஏறிய விலைக்கு மேல் வருவதால் பெருக்கிக்கொண்டே போக வேண்டும்: 104.6, 110.9, 162.3, 190.6, கடைசியில் கிட்டத்தட்ட 193. அதாவது, 2019இல் 100 ரூபாய்க்கு வாங்கியதற்கு 2024இல் 193 ரூபாய் வேண்டும்.

இப்போது குத்தகைக்கு வருவோம். எனக்கு மனம் நோகும் இடம் இதுதான். கணவனை இழந்து, இரண்டு ஏக்கர் வயலைக் குத்தகைக்குக் கொடுத்து அந்தக் காசில் பிள்ளைகளைப் படிப்பிக்கிற பெண்கள் நம் மாவட்டத்தில் நிறைய இருக்கிறார்கள். 2019இல் ஏக்கருக்கு 20,000 ரூபாய் என்று பேசி, அதையே மாற்றாமல் வாங்கிவந்த ஒருவரை நினைத்துப் பாருங்கள். 2024இல் அதே 20,000 கையில் வந்தாலும், பழைய விலைக் கணக்கில் அதன் பெறுமதி 10,400 ரூபாய்க்குள்தான். பாதிக் குத்தகை சத்தமில்லாமல் போய்விட்டது. அவரை ஒருவரும் ஏமாற்றவில்லை, ஆனாலும் இழப்பு அவருக்குத்தான். நெல்லாகவே வாங்குகிறவர்களுக்கு இந்தப் பாதிப்பு குறையலாம். ஆனால் நெல் விலை மற்றச் சாமான் விலையோடு ஒத்து ஏறும் என்று நம்பியிருக்க முடியாது.

சரி, எந்தச் சுட்டெண்ணைப் பார்ப்பது? தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம் இரண்டை வெளியிடுகிறது. கொழும்புச் சுட்டெண் கொழும்பு நகரக் குடும்பங்களின் செலவை வைத்துக் கட்டப்பட்டது. அதில் உணவின் பங்கு ஏறக்குறைய 26 சதவீதம். தேசிய நுகர்வோர் விலைச் சுட்டெண் எல்லா மாகாணங்களையும் சேர்த்தது. அதில் உணவின் பங்கு ஏறக்குறைய 39. வருமானத்தில் பெரும்பகுதி சோற்றுக்கும் கறிக்கும் போகிற நம் வீடுகளுக்கு இரண்டாவதுதான் கிட்டவரும் என்பது என் கருத்து. அது 2013ஐ அடியாண்டாக, அதாவது விலைமட்டம் 100 என்று கொள்ளும் ஆண்டாக வைத்துத் தொடங்கியது. அதற்கு முந்திய காலத்துக்குக் கொழும்புச் சுட்டெண்ணைத்தான் நாட வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. 2023இல் இரண்டுக்கும் அடியாண்டை 2021க்கு மாற்றினார்கள். பழைய தொடரின் எண்ணையும் புதிய தொடரின் எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் விலை சட்டென்று விழுந்ததுபோலத் தோன்றும். இரண்டு தொடரிலும் உள்ள ஒரே ஆண்டின் எண்களை எடுத்து விகிதம் கண்டு, அந்த விகிதத்தால் பழைய எண்களை மாற்றிய பிறகுதான் ஒப்பிட வேண்டும்.

ஆகவே, புதிதாகக் குத்தகை எழுதுகிறவர்கள் ஒரு வரி சேருங்கள்: "ஒவ்வொரு வருடமும் தேசிய நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின் ஆண்டுச் சராசரி ஏறும் அளவுக்குக் குத்தகையும் ஏறும்." விளைச்சல் பொய்த்த போகத்தில் குத்தகைக்காரரும் நொந்துபோவார். அப்படியான வருடத்தில் ஏற்றத்தைத் தள்ளிவைக்கலாம் என்றும் எழுதிக்கொள்ளுங்கள். எழுதத் தெரியாதவர்களுக்கு இங்கே இருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் எழுதிக் கொடுக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.